ஒற்றை ஆசனத்துக்காக ஆவிக்குடிலில் நடந்த போர்

1976ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, பேரிங் கடல் உறைந்து கிடக்கும் அலாஸ்காக் கரையில், மரம் என்று சொல்ல ஒரு குச்சியும் முளைக்காத பனிவெளியின் நடுவே, நாற்பது வீடுகள் கொண்ட யூப்பிக் மக்களின் ஊரில், ஆவிக்குளியல் குடிலுக்குள் இருந்தோர் வருமாறு:

டண்டினொங் யோகேஸ்வரன், டீசல் எஞ்சின் வல்லான்.
பென்டில் ஹில் சடகோபன், மின்கம்பி வித்தகன்.
அவ்வூர் வாஸிலி, கடல்நாய் வேட்டையாளன், ஊர் முழுவதையும் சிரிக்க வைப்பவன்.
வாஸிலியின் அண்ணன் இவோன், வருடத்துக்கு நாற்பது சொல் பேசுபவன்.
எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிச் செய்த அடுப்பு ஒன்று. அதன் தலையில் கருங்கற்கள் ஒரு குவியல்.
தண்ணீர் வாளி ஒன்று. நீண்ட பிடி போட்ட அகப்பை ஒன்று.
வெளியே நாய்கள் பதினொன்று. அவை எந்தப் பக்கமும் சேரவில்லை.

வாழ்க யோகேஸ்வரன்! சாவகச்சேரியில் பிறந்து, கொழும்பில் கிறீஸ் பூசி, மெல்பேர்ன் புறநகர் டண்டினொங்கின் தொழிற்சாலையில் சங்கு ஊதும் முன்னரே வாசலில் நின்று நற்பெயர் ஈட்டிய நாயகன் வாழ்க! மூடி திறவாமலே, முகர்ந்த மாத்திரத்தில் எந்த எஞ்சினுக்குள் எண்ணெய் ஒழுகுகிறது என்று உரைக்கும் நாசிவல்லான், முப்பத்துநான்கு வயதில் முன்மயிர் முழுதும் பகைவர்க்குத் தோற்றும் பின்மயிரைச் சீவி முன்கொணர்ந்து காத்த பெருந்தானைத் தலைவன், தன் வாழ்நாளில் எவரிடமும் எதையும் ‘விட்டுக்கொடுத்தேன்’ என்று சொல்லியறியாத வாய்மையாளன், அவன் வாழ்க!

அடுப்பே, பீப்பாய் வயிறு படைத்த பெருந்தேவியே, உன் துருவுக்கும் வணக்கம். நீ சுட்டதைச் சுட்டபடி சொல்ல எமக்கு நா அருள்வாய்.

போருக்குக் காரணம் கேண்மின். மெல்பேர்ன் கம்பெனி ஒன்று இந்த ஊருக்கு இரண்டு மின்பிறப்பாக்கிகளை விற்றது. அவற்றைப் பூட்டி ஓடவிட்டு வாருங்கள் என்று இரண்டு தமிழரை அனுப்பியது. பத்து நாள் வேலை. பத்தாம் நாள் மாலை வீடுகளில் விளக்கு எரிந்தது, ஊர் கைதட்டியது, பதினோராம் நாள் மூடுபனி வந்தது. வந்த மூடுபனி, மாமியார் வீட்டுக்கு வந்த மருமகனைப்போல், போவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சறுக்குக்கட்டை பூட்டிய சிறு விமானம் ஆற்றுப் பனிக்கட்டியின் மேல் இறங்கினால் அன்றி அவ்வூரை விட்டு வெளியேற வழி இல்லை. விமானம் பதினெட்டு நாளாக வரவில்லை.

இந்தப் பதினெட்டு நாளில் யோகேஸ்வரனுக்கு ஒரு கவலை இருந்தது. அதன் பெயர் கமலினி. கடிதங்கள் பதினாறும் புகைப்படங்கள் இரண்டும் மட்டுமே அறிந்த அவன் மணப்பெண், வருகிற சனிக்கிழமை காலை மெல்பேர்னின் டல்லமரீன் விமான நிலையத்தில் வந்து இறங்குவாள். அவளை வரவேற்க அவன் அங்கே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் நிற்பது யார்? தேவராஜா. ஒரே வீட்டில் அடுத்த அறையில் குடியிருக்கும் தேவராஜா. மஞ்சள் நிற ஹோல்டன் கார் வைத்திருப்பவன். காதிலிருந்து தாடை வரை கறுத்து இறங்கிய கிருதாவுக்கு உரியவன். தலையில் ஒரு மயிரும் இழந்தறியாதவன். பள்ளிக்கூட ரேடியோ வழியாக அவனிடமிருந்து ஒரு செய்தியும் வந்திருந்தது: “ஒண்டுக்கும் யோசியாதை. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்.” அன்பில் தோய்ந்த இந்த வரியைக் கேட்டதும் யோகேஸ்வரன் சீப்பை எடுத்து முன்மயிரை இரண்டு தடவை சீவினான்.

சடகோபனுக்கும் ஒரு கவலை இருந்தது. அது வயிறு. மாவடு நிறைத்துக் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் போத்தல் பன்னிரண்டாம் நாளில் கவிழ்ந்தது. அன்பு மிகுந்த ஊர்மக்கள் செந்நிறப் பழங்கள் இட்டுக் குழைத்த வெண்ணிறப் பண்டம் ஒன்றைக் கிண்ணத்தில் தந்தார்கள். மூன்று கிண்ணம் உண்டு, “பேஷ், பேஷ்” என்று நாலாவதுக்குக் கை நீட்டியபோதுதான் அதில் என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டான். பழம், சீனி, கலைமான் கொழுப்பு, கடல்நாய் எண்ணெய், கொஞ்சம் மீன் என்றார்கள். அன்றிலிருந்து தண்ணீரில் நனைத்த பிஸ்கட்டே அவன் அமுது.

இந்நிலையில் அந்தச் செவ்வாய்க் காலை, பள்ளிக்கூட ரேடியோ கரகரத்து ஒரு பிரகடனம் செய்தது: பனி சற்று விலகுகிறது, ஐந்து மணிக்கு விமானம் வரும், உள்ளே தபால் மூட்டைகள், காலியாக இருப்பது ஓர் ஆசனம். அடுத்த விமானம் அடுத்த செவ்வாய்.

ஓர் ஆசனம்! இரு வீரர்! நாலு மணித்தியாலம் அவர்கள் தமிழில் வாதாடினார்கள்.

“எனக்கு அங்கை கலியாணம், ஐசே. உமக்கென்ன?” என்றான் யோகேஸ்வரன்.

“உங்க கல்யாணம் இன்னும் நடக்கலை. என் பட்டினி இப்ப நடந்துண்டிருக்கு” என்றான் சடகோபன்.

இவர்களுடைய சத்தத்தால் நாய்கள் கலவரம் அடைந்தன. அப்போது வாஸிலி வந்தான். அவனைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். மூடுபனி வந்த புதிதில் ஒரு நாள், உறவுமுறை பற்றிய பேச்சில், தாய்மாமன் மகனும் அத்தை மகனும் மச்சான் ஆவார்கள், மச்சானை எவ்வளவும் பகிடி பண்ணலாம், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளோ அண்ணன் தம்பி, அவர்களைத் தொடக்கூடாது என்று யோகேஸ்வரன் விளக்கியிருந்தான். வாஸிலி தொடையில் அறைந்துகொண்டான். அவன் ஊரிலும் அதே சட்டம்! மாமன் மகனும் அத்தை மகனும் அங்கே இலுராக், இலுராக்கைக் கேலி செய்வது உரிமை மட்டுமல்ல, கடமை, கோபப்படுகிறவன் தோற்றவன். பூமியின் இரண்டு மூலைகளில் இரண்டு குலங்கள் ஒரே சட்டத்தை இயற்றியிருப்பதைக் கண்டு அவன் அந்த இடத்திலேயே யோகேஸ்வரனைத் தன் இலுராக்காக அறிவித்தான். ‘மச்சான்’ என்ற சொல்லையும் பாடமாக்கிக்கொண்டான். அவன் பேசியது ஆங்கிலமே. ஆனால் அந்த ஒரு சொல்லை முன்னால் வைத்து அவன் பேசும்போதெல்லாம் மீதியும் யோகேஸ்வரன் காதில் சாவகச்சேரித் தமிழாகவே விழுந்தது.

பட்டம் கிடைத்த மறுநாளே கடமை தொடங்கிற்று. “மச்சான், பிளேன் வந்திட்டுது!” என்று வாஸிலி கூவினான். யோகேஸ்வரன் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்து ஆற்றுக்கு ஓடினான். ஆற்றில் ஒரு காகம் இருந்தது. நாற்பது வீட்டு ஜன்னலும் சிரித்தன. யோகேஸ்வரனா வாளாவிருப்பான்? முன்னால் நின்று ஒருவர் பாடினால்தான் புது எஞ்சின் கிளம்பும் என்று வாஸிலியிடம் முகம் மாறாமல் சொன்னான். வாஸிலி தொப்பி கழற்றி, எஞ்சின் முன் நின்று, தேவாலயப் பாட்டு ஒன்றை ஐந்து அடியும் பாடி முடித்தான். பிறகு உண்மை தெரிந்து, எல்லோரையும் விட அதிகம் சிரித்தவனும் அவனே. அதற்கடுத்த வாரம் மறுபடியும், “மச்சான், பிளேன்!” மறுபடியும் பெட்டி, ஆறு, அதே காகம்.

அந்த வாஸிலிதான் இப்போது இருவரையும் பார்த்து, “மாக்கிக்கு வாருங்கோ. அங்கை வாய் தன்பாட்டிலை மூடும்” என்றான். மாக்கி என்பது அவ்வூர் ஆவிக்குளியல். முதலில் உடை கழற்றும் முன்னறை. அதற்குள்ளே, முழங்காலில் தவழ்ந்தே நுழையக்கூடிய சிறு கதவு. அதற்கப்பால் நிமிர்ந்து நிற்க முடியாத வெப்ப அறை. கல் சிவக்க அடுப்பெரித்து, கல்லில் நீர் வார்த்து, எழும் ஆவியில் குந்தியிருப்பார்கள். தாங்காதபோது முன்னறைக்குப் போய் ஆறி, மறுபடி வருவார்கள். ஆறி வருவதுதான் அதன் முறை. அறிவுள்ள எவனும் அப்படியே செய்வான்.

உள்ளே போய் அமர்ந்து வாஸிலி முதல் அகப்பை வார்த்ததும், “சூடு தாங்குமோ?” என்று ஒரு மரியாதைக்குக் கேட்டான்.

கேட்டிருக்கக் கூடாது. வெப்பதேசத்துத் தமிழர் இருவரிடம் வெப்பம் பற்றிக் கேட்டிருக்கவே கூடாது.

“சூடோ?” என்று நகைத்தான் யோகேஸ்வரன். “சித்திரை மாசம் சாவகச்சேரித் தார்ரோட்டிலை செருப்பில்லாமல் சந்தைக்குப் போனவன் நான்.”

“கத்திரி வெயில்ல, மத்தியானம், மெட்ராஸ் பஸ்ல, ஜன்னல் பக்கம் கூட இல்லாம நின்னுண்டே போயிருக்கேளா?” என்றான் சடகோபன். “இது எனக்கு மார்கழி.”

“அப்ப ஒண்டு செய்வம். ஆர் இந்தக் கதவாலை முதல் வெளியிலை போறாரோ அவருக்கு ஆசனம் இல்லை.”

“சரி.”

“ஆற வெளியிலை போறதும் இல்லை.”

“ஆறறதுக்கு இங்க என்ன இருக்கு?” என்றான் சடகோபன். அவன் மூக்கு நுனியிலிருந்து வியர்வை ஒரு துளி, இரு துளி என்று ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது.

இவ்வாறு மூண்டது பெரும்போர்.

இரண்டாம் அகப்பை வீழ்ந்தது. கற்கள் நூறு யானை ஒருசேரத் தும்மினாற்போல் சீறின. ஆவி எழுந்து, கூரையில் மோதி, முறிந்து, மடங்கி, வீரர்களின் தோளில் ஏறி, காது மடல்களைப் பற்றித் திருகிற்று. மூன்றாம் அகப்பைக்கு வாஸிலியும் இவோனும் நனைந்த துணியால் வாயை மூடிக்கொண்டு தவழ்ந்து வெளியே போனார்கள். “நாங்கள் இஞ்சை பிறந்தனாங்கள். நாங்களே போறம்” என்றது வாஸிலியின் பின்புறம். அகப்பை இப்போது சடகோபன் கைக்கு வந்தது. வாழ்நாள் முழுதும் நெய்யும் மோரும் வளர்த்த அவன் மார்பு செவ்வரளி நிறம் கொண்டது. இடையில் கட்டியிருந்த சரிகைக்கரைத் துண்டை அவன் எவர் சொல்லியும் அவிழ்க்கவில்லை. நனைந்து கனத்த அது ஒரு பக்கம் மட்டும் மானம் காத்தது. நாலாவது அகப்பையை அவனே வார்த்தான். வார்த்துவிட்டு, ஏன் வார்த்தோம் என்று யோசித்தான்.

யோகேஸ்வரனோ, இடுப்பில் ஈரிழைத் துவாய் ஒன்றன்றி வேறு கவசம் இன்றி, பின்னிருந்து முன்கொணர்ந்த மயிர்ப்படை வியர்வையில் சிதறிப் புறமுதுகிட, கண்ணை மூடி, பல்லைக் கடித்து, கமலினியின் இரண்டாவது புகைப்படத்தை மனத்தில் நிறுத்தினான். அதில் அவள் ஒரு பூச்சாடி அருகே நிற்பாள். ஐந்தாம் அகப்பையில் பூச்சாடி ஆடிற்று. ஆறாவதில் பூச்சாடி இருந்த இடத்தில் கிருதா முளைத்தது. அவன் கண்ணைத் திறந்துகொண்டான்.

“முடியேல்லை எண்டால் போம், ஐசே. நான் ஒருத்தருக்கும் சொல்லன்.”

“நான் இங்கயே குடித்தனம் பண்ணிடுவேன். நீங்க போங்கோ.”

அப்போது வெகு தூரத்தில் ஓர் உறுமல் கேட்டது. மெல்லத் தொடங்கி, வளர்ந்து, குடிலின் பலகைகளை நடுக்கி, மறுபடி தேய்ந்தது.

“என்ன சத்தம்?” என்றான் சடகோபன்.

யோகேஸ்வரன் தலையை ஒரு பக்கம் சாய்த்தான். அவன் முகத்தில் தன் பிள்ளையின் அழுகையை ஊர்ப் பிள்ளைகளின் அழுகையிலிருந்து பிரித்தறியும் தாயின் பெருமிதம் பரவிற்று. “என்ர எஞ்சின். இரண்டாம் நம்பர். ஆரோ பெரிய லோட் போட்டிருக்கினம். கேளும், என்ன வடிவாய்ப் பிடிச்சு இழுக்குது.” தான் பூட்டிய எஞ்சினின் குரலை அன்று முதல் தடவையாக அந்த நாசிவல்லானின் செவி பிழையாக அறிந்தது. ஆவி அடைத்த செவி அது; அதற்கு மேல் அவனுக்காகச் சொல்ல ஒன்றும் இல்லை.

கதவு ஒரு சாண் திறந்தது. வாஸிலியின் தலை உள்ளே வந்தது.

“மச்சான், பிளேன் வந்திட்டுது!”

யோகேஸ்வரன் சிரித்தான். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஓடச் சிரித்தான். “மூண்டாம் தரமும் நான் ஓடுவன் எண்டு நினைச்சியோ, மச்சான்? இன்னும் மூண்டு மணியே ஆகேல்லை. கதவைச் சாத்து, சூடு போகுது.”

“மெய்யாத்தான் சொல்லுறன்! பனி பிளந்த நேரம் பார்த்து நேரத்தோடை வந்திட்டான். அவன் நிக்கமாட்டான்!”

“போய் உன்ர காகத்தை ஏத்தி அனுப்பு!”

தலை மறைந்தது. ஏழாம் அகப்பை வீழ்ந்தது. சடகோபன் மட்டும் அகப்பையைக் கீழே வைத்தான். “யோகேஸ். அவன் உங்களுக்குத்தானே மச்சான். என்னை எதுக்குக் கேலி பண்ணணும்?”

“அப்ப நீர் போய்ப் பார்த்துக்கொண்டு வாரும்.”

“நல்லா இருக்கே. நான் போனா நான் அவுட்டு.”

மறுபடி வாஸிலி. “மச்சான், சத்தியமா!” யோகேஸ்வரன் இம்முறை ஓர் அகப்பை நீரைக் கதவை நோக்கி வீசினான். வாஸிலி நனைந்து போனான். போகும்போது, தன் கடமையை இத்தனை நன்றாகச் செய்திருக்க வேண்டாம் என்று அவனுக்கு வாழ்வில் முதல்முறையாகத் தோன்றியிருக்கவும் கூடும்.

மூன்றாம் முறை கதவைத் திறந்தது இவோன். பகிடி அறியாதவன்; அந்த வருடத்து நாற்பது சொல்லில் முப்பத்தொன்றை இன்னும் செலவிடாதவன். அவன் இருவரையும் பார்த்தான். “விமானம்” என்றான். கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

அந்த ஒரு சொல் எந்த அகப்பையை விடவும் சுட்டது.

“இவோன் பொய் சொல்ல மாட்டான்” என்றான் சடகோபன்.

“இல்லை.”

“அப்போ போகலாம்.”

“ஓம், போவம்.”

ஒருவரும் அசையவில்லை. ஏனெனில் கதவு ஒன்றே. அதில் ஒரு தடவைக்கு ஓர் உடலே நுழையும். முதலில் நுழைபவன் தோற்றவன் என்பது அவர்களே சற்று முன் இயற்றிய சட்டம். இங்கேதான் நிகழ்ந்தது அப்போரின் மிகக் கொடிய கட்டம். வாளில்லை, வேலில்லை, தமிழர் தம் குலத்தின் ஆதி ஆயுதமாகிய உபசாரத்தைக் கையில் எடுத்தார்கள்.

“நீங்க முன்னாடி போங்கோ, யோகேஸ். பெரியவர்.”

“சீச்சீ, நீர் போம். சாப்பிடாத மனிசன்.”

“கல்யாண மாப்பிள்ளை, நீங்கதான் முதல்ல.”

“நீர் முந்திப் போனால்தான் எனக்குச் சந்தோசம்.”

“உங்க சந்தோஷத்துக்கு நான் குறுக்கே நிப்பேனா? போங்கோ.”

இவ்வாறு ஒருவர் முதுகில் ஒருவர் கை வைத்து, அன்பு ததும்ப, கதவை நோக்கி ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். வழுக்கும் மேனிகள் இரண்டு, சேற்றில் மோதும் எருமைகள்போல் மோதி, வழுக்கி, வாளியைக் கவிழ்த்து, வாசலுக்கு ஒரு முழம் இப்பால் தரையில் வீழ்ந்தன. வீழ்ந்த நிலையிலும் “நீங்க”, “நீர்” என்ற மொழிகள் ஓயவில்லை. வெளியே உறுமல் மறுபடி உயரத் தொடங்கிற்று. அது இரண்டாம் நம்பர் அல்ல, தன் எஞ்சினே அல்ல என்று யோகேஸ்வரனின் செவி இப்போது அறிந்தது.

அவன் முழங்காலில் எழுந்தான். மஞ்சள் ஹோல்டனின் முன்கதவு திறப்பதை அவன் கண்டான். அதனுள்ளே ஒரு சேலைத் தலைப்பு நுழைவதையும் கண்டான். முப்பத்துநான்கு ஆண்டுகள் எவரிடமும் எதையும் விட்டுக்கொடாத வீரன், தரையில் தலை தாழ்த்தி, நாலு காலில், அந்தச் சிறு கதவுக்குள் முதலில் நுழைந்தான். தோற்றாலும் ஓட்டத்தில் முந்தி ஏறிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

“நான் ஜெயிச்சுட்டேன்!” என்று பின்னால் ஆவிக்குள்ளிருந்து சடகோபனின் குரல் எழுந்தது. வெற்றியைக் கொண்டாட அவனுக்குத் துணையாக அடுப்பு மட்டும் இருந்தது. கழன்று விழுந்த சரிகைக்கரைத் துண்டை அவன் ஆவிக்குள் தேடத் தொடங்கினான்.

ஓடினான் யோகேஸ்வரன்! முன்னறையில் அவசரமாய் மாட்டிய பூட்ஸ் இரண்டில் ஒன்று தன்னுடையது, ஒன்று சடகோபனுடையது; இரண்டும் இடக்கால்; அதனாலென்ன, ஓடினான்! நீர் உறையும் நிலைக்கு இருபது பாகை கீழே, இடையில் ஈரத் துவாய் கணத்தில் பலகையாகி இரு தொடையிலும் பறை அறைய, தலையிலும் தோளிலும் முதுகிலும் வெண்ணிற ஆவி எழுந்து பின்னே நீள, எரிமலையொன்று கால் முளைத்துப் பனிவெளியில் இறங்கி வருவதுபோல் ஓடினான், பதினொரு நாய்களும் இருபுறமும் அணிவகுத்துக் குரைத்துக் கட்டியம் கூற, நாற்பது வீட்டு ஜன்னலிலும் முகங்கள் முளைக்க, பனியின் வெடிப்பில் விழுந்து, எழுந்து, முழங்கை தேய்ந்து, “நில்லுங்கோ! நான் வாறன்! நான் வாறன்!” என்று பேரிங் கடலின் பாதியும் அதிரத் தமிழிலே முழங்கி, ஆற்றின் கரையைக் கடந்து, பனிக்கட்டியின் மேல் ஒரு காலில் பத்து முழம் சறுக்கி, சுழலும் விசிறியின் பெருங்காற்று மார்பில் மோதி மீசையில் பனி பூக்க, செந்நிறச் சிறு விமானத்தின் இறக்கையைக் கையால் தொட்டே விட்டான்.

வாஸிலி அங்கே நின்றான். சிரிக்கவில்லை. “மூண்டு தரம் கூப்பிட்டம், மச்சான்” என்றான். “பனி திரும்ப மூடுது எண்டு விமானி கத்தினான். ஆசனம் சும்மா போகுதே எண்டு அக்கா ஏறுறா. பெத்தல் பட்டினத்திலை பாஸ்கெட்போல் மட்ச்சாம்.”

வாஸிலியின் அக்கா ஒகலீனா, தபால் பார்சல் ஒன்றை வாங்கிப் போக வந்தவள், அதைக் கைக்குள் இடுக்கியபடி, எரிமலையை ஏற இறங்கப் பார்த்தாள். ஆவி, துவாய், இரண்டு இடக்கால் பூட்ஸ், ஒட்டியும் ஒட்டாமலும் நின்ற முன்மயிர் ஆகிய அனைத்தையும் நிதானமாகக் கண்டுகொண்டாள். அடுத்த செவ்வாய், அதற்குள் வந்து முடியும் சனிக்கிழமை, டல்லமரீனில் யாரோ தூக்கும் பெட்டி, ஒரு பூச்சாடியின் அருகே நின்ற பெண் ஆகிய எதையும் கண்டாளில்லை. தம்பியின் மச்சானுக்கு அன்போடு ஒரு கை அசைத்தாள்.

அவள் உள்ளே ஏறி உட்கார்ந்ததும் விமானி கதவைச் சாத்திப் பூட்டினான்.